இருபத்துநான்கு தறிக்குழிகள்

சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மழை பெய்தால் ஒழுகாத கூரை, மாதம் பிறந்தால் சம்பளம், சாயங்காலம் கூடைப்பந்து. அதையெல்லாம் உதறிவிட்டு, பெஞ்சு கிடையாது, மணி கிடையாது, அங்கீகாரமும் கிடையாது என்ற ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தேன். என் தகப்பனார் நம்பவில்லை. "ஏஞ்சாமி, கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு?" என்று கேட்டார். பிடித்துத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை சூடாகிறது. அந்த ஒரு வருஷத்தைப் போல நான் வேறெந்த வருஷமும் வாழவில்லை.

ரங்கூன் ஜப்பான்காரனிடம் விழுந்ததற்கு அடுத்த வருஷம் அது. பெட்ரோல் போய், கரி எரித்த புகையில் ஓடும் கரி பஸ் வந்துவிட்டது. அந்தக் கரி பஸ் மேடு கண்டால் நிற்கும். பிரயாணிகள் இறங்கித் தள்ளினால் நகரும். திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே நெசவாளிகள் நிறைந்த ஒரு சிறிய ஊரிலிருந்து வெளியூர் போய்ப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும், பஸ்ஸை நம்ப முடியாமல் போனதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அரிசித் தட்டுப்பாட்டில் மாணவர் விடுதிகளையும் மூடியிருந்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் பதினோரு பேர் ஆறாம் பாரம். அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டியவர்கள்.

அந்த ஊரில்தான், பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஒரு மனிதர் பள்ளிக்கூடம் திறப்பதாகப் பேச்சு. அவர்தான் எங்கள் தலைமையாசிரியர். சொந்த ஊர் அதுதான். ரங்கூனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் வாத்தியாராக இருந்தவர். ஒல்லி. முழங்காலுக்குக் கீழே காட்டில் அட்டை கடித்த தழும்புகள். தோளில் எப்போதும் ஒரு துணிப்பை, அதற்குள் கறுப்புத் துணி ஒட்டிய பழைய வருகைப் பதிவேடு ஒன்று. பென்ஷன் கேட்கச் சாட்சியாக வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவர் சிரித்துக்கொள்வார்.

அவர் வாயைத் திறந்தால் சீனாதான். ரங்கூனில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கு அடுத்த சந்தில் ஒரு சீன உயர்நிலைப் பள்ளி இருந்ததாம். சீனாவுக்குள் ஜப்பான்காரன் புகுந்தபோது ஓடிவந்த நாலு வாத்தியார்கள் ஆரம்பித்தது. இடம் எண்ணெய்க் கிடங்கு. பிள்ளைகள் உட்கார்ந்தது மண்ணெண்ணெய்த் தகர டின் மேல். தேசப்படம் வாங்கக் காசில்லாமல் சுவரிலேயே கரியால் வரைந்துகொண்டார்களாம். மூன்றே வருஷத்தில் முன்னூறு பிள்ளைகளாம். "முதல் நாள் அவங்ககிட்ட என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு பதிவேடு. அவ்வளவுதான். பேரை எழுதியாச்சுன்னா பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாச்சு!" என்பார். சாக்பீஸ் இல்லை என்று நான் கத்தினால், சீனப் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்கட்டியை நறுக்கிக்கொண்டார்கள் என்று பதில் வரும். இதற்கு நான் வைத்த பெயர் சீனாப் புராணம். மற்ற இரண்டு வாத்தியார்கள் முன்னால் அவர் மாதிரியே நடித்துக் காட்டுவேன்.

இடம் கொடுத்தவர் ஒரு தறிக்கூடத்துக்காரர். நீளமான ஓட்டுக் கட்டடம், உள்ளே இருபத்துநான்கு குழித்தறிகள். தறிக்காரர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்வார். நூல் கட்டுப்பாடு வந்ததும் தறி ஓடவில்லை. சட்டங்களைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டார்கள், குழிகள் மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தன. கூடத்துக்காரர் சாவியைக் கொடுத்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "எல்லாமே உங்க பிரியமுங்க. குழியை மட்டும் ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. நூலு வந்தா தறி ஏத்தோணும்."

நாங்கள் குழியையே பெஞ்சாக்கிக்கொண்டோம். குழிக்கு இரண்டு பிள்ளைகள், கால் உள்ளே, குறுக்கே ஒரு பலகை. எழுத அவ்வளவு வாகாக இருக்கும்! நான் கரும்பலகையை விட்டு நகர்ந்தால் குழிக்குள் விழாமல் நடக்க வேண்டும். முதல் வாரத்தில் மூன்று தடவை விழுந்தேன். வகுப்பே கை தட்டியது. கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபத்தோடேயே அல்ஜீப்ரா அருமையாக வந்தது. வெட்டவெளியில் அவிழ்த்து விட்ட மாடுகள் மாதிரி பாடம் நடத்தினோம். நேர அட்டவணை எங்களுக்குப் போதவே இல்லை.

ஒன்று மட்டும் தொண்டையில் நின்றது. அங்கீகாரம். கல்வி அதிகாரி சேலத்திலிருந்து வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாவிட்டால் பதினோரு பேரின் பரீட்சை விண்ணப்பத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு வருஷம் போனால் போகட்டும் என்று விட முடியாத காலம் அது. செவ்வாய்ச் சந்தையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பதினோரு பேரில் நாலு பேர் ஏற்கனவே போய் உயரம் அளந்துகொண்டு வந்துவிட்டார்கள். "பரீட்சை இல்லீன்னா நாங்க கெளம்பறமுங்க சார்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பதினேழு வயசு. மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன், உடனே குழிக்குள் விழுந்தேன்.

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை தலைமையாசிரியர் சேலத்தில் இருந்தார், ஆய்வுக்கூடத்துக்குத் தராசும் கண்ணாடிக் குடுவையும் இரவல் வாங்க. கூடத்துக்காரர் ஈரோட்டில் இருந்தார், நூலுக்கு வரிசையில் நிற்க. பள்ளிக்கூடப் பொறுப்பு என்னிடம். சேலத்திலிருந்து கொண்டுவந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். வகுப்பறைத் தரை மேடுபள்ளமின்றிச் சமமாக இருக்க வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இருபத்துநான்கு குழிகள்.

நான் விவசாயி வீட்டுப் பிள்ளை. நாமக்கல் பக்கம் எங்கள் வயற்காட்டில் பள்ளம் கண்டால் நிரவாமல் யாருக்கும் கை நிற்காது. மண்ணை நிரவுவது எங்களுக்குப் புண்ணிய காரியம். கூடத்துக்காரர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மணல்தானே, அதிகாரி போனதும் அள்ளிவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாட்டு வண்டி பிடித்தேன். பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு திருமணிமுத்தாற்றுக்குப் போனேன். பகல் முழுக்க மணல் அள்ளினோம். என்ன உற்சாகம்! பையன்கள் பாட்டுப் பாடினார்கள், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினேன். பொழுது சாய்வதற்குள் இருபத்துநான்கு குழியையும் நிரப்பித் தண்ணீர் தெளித்து மட்டப்பலகை போட்டு இழுத்துவிட்டோம். காப்பிக்கடைகளில் கெஞ்சி வாங்கிய பெஞ்சுகளை வரிசையாகப் போட்டோம். பெஞ்சில் சாம்பார் வாசம் வீசியது. ஆனாலும் பார்க்க அஸ்தம்பட்டிப் பள்ளிக்கூடம் போலவே இருந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்து நான் போனபோது வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். தறிக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார், கைக்குழந்தைகள். அதிகாரியை வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் கும்பிட்டேன். யாரும் திருப்பிக் கும்பிடவில்லை.

முன்னால் நின்ற ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க வாத்தியாரே, எம் புருசன் என்ன செத்தா போயிட்டாரு? இந்தா நிக்கறாரு பாருங்க, கண்ணு தெரியலீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரத்தில் கரி பஸ் வந்து நின்றது. ஒரு பக்கத்திலிருந்து தலைமையாசிரியர் தராசைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினார். இன்னொரு பக்கத்திலிருந்து, வழியில் அதே பஸ்ஸில் ஏறியிருந்த கூடத்துக்காரர். கூட்டத்தைப் பார்த்து உள்ளே ஓடிவந்தவர் தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராக மூன்றாவது வரிசைக்கு நடந்துபோய், பெஞ்சைத் தள்ளிவிட்டு, எட்டு வயசிலிருந்து அவர் காலைத் தொங்கவிட்ட இடத்தில், அந்த ஈர மணல் மேல் உட்கார்ந்தார்.

"எங்க சனத்துல குழியை எப்ப மூடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "அந்தக் குழியில உக்காந்தவன் செத்து, அவனுக்கப்புறம் உக்கார ஆளில்லீன்னாத்தான் மூடுவோமுங்க. பதினாறாம் நாளு. நீங்க இருபத்துநாலு பேருக்கு ஒரே நாள்ல காரியம் பண்ணிப்போட்டீங்க."

வெட்கம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்த காரியம் இப்படியா முடிய வேண்டும்? சாவியைத் திருப்பிக் கேட்பார் என்று கையை மடிக்குக் கொண்டுபோனேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். தராசைப் பத்திரமாக ஜன்னலில் வைத்தார். வேட்டியை வரிந்து கட்டினார். முதல் குழியில் இறங்கி வெறும் கையாலேயே மணலை வாரி வெளியே வீசினார்.

"பேசிக்கிட்டு நிக்கறதுக்கு நேரமில்லே. மொதல்ல இவங்களுக்கு உசிரைக் கொடுப்போம். அங்கீகாரம் அப்புறம்" என்றார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! ஐம்பது பேரும் உள்ளே பாய்ந்தார்கள். கூடை, முறம், சோற்றுச் சட்டி, எது கிடைத்ததோ அது. பையன்கள் ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு தோண்டினார்கள். அந்தப் பெண் தன் புருஷன் குழியைத் தானே தோண்டினாள், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து. கடைசி மணல் வந்ததும் அவனை இறக்கிவிட்டு, "உக்காருங்க, நல்லா உக்காருங்க" என்று தோளை அழுத்தினாள். கூட்டம் சிரித்தது. நான் அழுதுகொண்டே தோண்டினேன், சிரித்துக்கொண்டும்தான். தூசியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பதினெட்டுக் குழி திறந்திருக்கும்போது குதிரை பூட்டிய ஜட்கா வந்து நின்றது.

அதிகாரி குள்ளமானவர், சரிகைத் தலைப்பாகை, கையில் தோல்பை. வாசலில் நின்று பார்த்தார். உள்ளே புழுதிப் படலம், ஐம்பது பேர், மணல் மேடுகள், ஒரு குழியிலிருந்து எழுந்து நிற்கும் தலைமையாசிரியர், இன்னொரு குழியிலிருந்து எழுந்து நிற்கும் கணக்கு வாத்தியார். என் காதுக்குள் மணல். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நாலு பையன்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அதிகாரி தோல்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "பள்ளிகளெல்லாம் விமானத் தாக்குதலுக்குப் பதுங்குகுழி வெட்ட வேண்டும் என்று உத்தரவு. நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. நானே இன்னும் யாருக்கும் அனுப்பவில்லையே. உங்களுக்கு யார் சொன்னது?"

என் நாக்கு நுனிக்கு ஒரு அழகான பொய் வந்துவிட்டது. தேச சேவை, முன்னெச்சரிக்கை என்றெல்லாம் அதற்கு வார்த்தை கூடத் தயார். வாயைத் திறந்தேன்.

"இது பதுங்குகுழி இல்லீங்க" என்று கூடத்துக்காரர் முந்திக்கொண்டார். "தறிக்குழிங்க. பாட்டன் காலத்துக் குழி. இந்த வாத்தியாரு உங்களுக்குப் பயந்து நேத்து மூடிப்போட்டாரு. நாங்க தொறந்துக்கிட்டு இருக்கறமுங்க. இதுல உக்காந்துதான் புள்ளைங்க படிக்கறாங்க."

அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது எனக்கு. அதிகாரி நம்பாமல் பார்த்தார். தலைமையாசிரியர் கையைத் தட்டினார். "பாடம்!" என்றார். அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் குழிகளில் இறங்கிப் பலகையைக் குறுக்கே போட்டுச் சிலேட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, காலியாக இருந்த ஒரு குழியில் காலை விட்டு உட்கார்ந்தார். ஜட்காவில் மடங்கிக் கிடந்த முழங்கால் அவருக்கு. "அடடே!" என்றார். "நன்றாக இருக்கிறதே!"

என் உயிர் திரும்பி வந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மேலே ஓட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "பெஞ்சாக இதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பதுங்குகுழி இல்லாத பள்ளிக்கு இந்தச் சமயத்தில் நான் எழுதிக் கொடுக்க முடியாது. கூரைக்குள் இருக்கிற குழி கணக்கில் சேராது. வெளியே வெட்டுங்கள். வெட்டி முடித்ததும் எழுதுங்கள், மறுபடி வருகிறேன்."

மறுபடி என்றால் எப்போது? விண்ணப்பத்துக்கு இருந்தது பன்னிரண்டு நாள். நான் வாயைத் திறந்தால் சண்டைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் அவருக்கு எதிர்க் குழியில் உட்கார்ந்தார். துணிப்பையிலிருந்து கறுப்புப் பதிவேட்டை எடுத்துப் பலகை மேல் வைத்தார். சீனாப் புராணம் ஆரம்பமாகப் போகிறது, இந்த நேரத்திலா என்று எனக்கு எரிச்சலே வந்தது.

"ரங்கூன்ல எங்க பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்துல ஒரு சீனப் பள்ளிக்கூடம் இருந்துச்சுங்க" என்று ஆரம்பித்தார். "அவங்களுக்கு முற்றம் கிடையாது. கிடங்குத் தரையைத் தோண்டிக் குழி வெட்டி வெச்சிருந்தாங்க, கூரைக்குள்ளேயே. நாங்க சிரிச்சோம். பட்டப்பகல்ல முதல் குண்டு விழுந்த அன்னிக்கு எங்க பள்ளிக்கூடத்துல குழியே இல்லே. வீட்டுக்கு ஓடுங்கடான்னு நான்தான் சொன்னேன். பிள்ளைங்க ரோட்டுல ஓடுச்சுங்க. அந்தச் சீனத் தலைமையாசிரியர் சந்துல நின்ன என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக் கொண்டுபோய்க் குழியில தள்ளினார். சத்தம் நின்னதும் குழிக்குள்ளேயே பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டார். எனக்கு அவங்க பாஷை தெரியாது. ஆனா எல்லாப் பேருக்கும் பதில் வந்துச்சு. அது தெரிஞ்சுது."

பதிவேட்டின் மேல் அவர் கை இருந்தது. "சாயங்காலம் நானும் இதைத் திறந்து பேர் கூப்பிட்டேன். ஏழு பேர் பதில் சொல்லலே."

நான் குழியில் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனை நாள் அவர் மாதிரி நடித்துக் காட்டியிருக்கிறேன்! அந்த மனிதர் ஒவ்வொரு தடவை சீனா என்று சொன்னபோதும் எதைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். கேட்கவே இல்லை.

அதிகாரி வெகுநேரம் பதிவேட்டைப் பார்த்தார், திறக்கவில்லை. பிறகு பேனாவை எடுத்தார். குழியில் உட்கார்ந்தபடியே, பலகை மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். எழுந்தபோது மணல் குவியலைக் காட்டி, "தீயணைக்க மணல் வாளிகளும் வைக்க வேண்டும். அது உங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது போலிருக்கிறது" என்றார். சிரிக்கவில்லை. ஜட்கா ஏறிப் போய்விட்டார். என்ன எழுதினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பதினோரு நாள் தபால்காரரைப் பாடாய்ப் படுத்தினோம். சைக்கிள் மணி கேட்டால் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். பதினோராம் நாள் காலையில் உறை வந்தது. தலைமையாசிரியர் அதை என் கையில் திணித்தார், நான்தான் பிரித்தேன். அங்கீகாரம்! ஆறாம் பாரம் உட்பட! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கீழே ஒரு நிபந்தனை இருந்தது: யுத்தம் முடியும் வரை தரையிலுள்ள குழிகளில் ஒன்றையும் மூடக் கூடாது. அதை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொன்னார் கூடத்துக்காரர். "சர்க்காரே சொல்லிப்போட்டுதுங்க, எங்க ஆயுசு கெட்டி" என்று தறிக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். அன்று மத்தியானமே பதினோரு விண்ணப்பங்களும் ஆள் மூலமாகச் சேலத்துக்குப் போயின. அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையில் ஆள் எடுக்கிறவர் என்னை முறைத்துப் பார்த்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டு நடந்தேன்.

பரீட்சைக்குப் புறப்பட்ட காலை ஊரே கூடியது. தலைமையாசிரியர் கரி பஸ் முன்னால் நின்று எங்கள் புதிய பதிவேட்டைத் திறந்து பதினோரு பேரையும் கூப்பிட்டார். "பிரசெண்ட் சார்" என்று ஒவ்வொருவனும் கத்தினான். அவர்கள் எழுதி முடித்துத் திரும்பிய நாள் மத்தியானமும் அவர் ரோட்டோரம் வெயிலில் நின்றிருந்தார். பஸ் மேட்டில் நின்றுவிட்டது. பையன்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இறங்கித் தள்ளுகிறவர்களை எண்ணினாலே போதும், நான் எண்ணியும் விட்டேன். "பதினோரு பேருமே இருக்காங்க சார், வாங்க வீட்டுக்கு" என்றேன்.

அவர் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து முதல் பேரிலிருந்து ஆரம்பித்தார். பையன்கள் பஸ்ஸைத் தள்ளியபடியே மூச்சிரைக்கப் பதில் சொன்னார்கள். பதினோராவது பேருக்கு உடனே பதில் வரவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் கரிப்புகையில் இருமிக்கொண்டிருந்தான் அவன். தலைமையாசிரியரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மறுபடியும் கூப்பிட்டார், குரல் உடைந்துபோய்.

"இருக்கறனுங்க சார்!" என்று புகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.